கீபோர்டு கெடவில்லை, கண்ணுகளா



லினக்ஸில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். (டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். மகன் கொடுத்த பழைய லேப்டாப்பில் ஐந்து வருஷமாக லினக்ஸ்தான் ஓடுகிறது.)

போன வாரம் நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். "டீச்சர், டெர்மினல்ல தட்டுறது விழமாட்டேங்குது. எக்ஸ் அழுத்தினா எழுத்து அழியுது, கே அழுத்தினா பழைய கட்டளை வந்து நிக்குது. கீபோர்டு மாத்தியும் பாத்துட்டேன். சில நேரம் நல்லா இருக்கு, சில நேரம் இல்ல." நாலு நாளாக ஆபீசில் யாரிடமும் கேட்கவில்லையாம். இதுகூடத் தெரியாதா என்பார்களே என்ற பயம். வேலையே நமக்கு ஒத்துவராது போல என்றுகூடச் சொன்னான். எனக்கு அதுதான் மனசைப் பிசைந்தது.

"மெயில் அடிக்கும்போது சரியா விழுதா?" என்றேன். விழுகிறது. அப்போது கீபோர்டில் குற்றமில்லை. "தப்பா அடிச்சா என்ன பண்ணுவே?" "எஸ்கேப் தட்டுவேன் டீச்சர்." அங்கேதான் இருந்தது விஷயம்.

பாஷ் ஷெல்லில் வரியைத் திருத்த இரண்டு முறைகள் உண்டு. வழக்கமாக இருப்பது ஈமாக்ஸ் முறை: கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் வரியின் தொடக்கம், ஈ என்றால் முடிவு. இன்னொன்று விஐ முறை. அதில் எஸ்கேப் அழுத்தியதும் எழுத்துகள் எழுதுவதை விட்டுவிட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒரே கைதான், சாக்பீஸை வைத்துவிட்டு டஸ்டரை எடுத்த மாதிரி. எது கையில் இருக்கிறது என்று திரை சொல்லாது. அதனால்தான் பையன் மிரண்டுவிட்டான்.

விஐ என்பது பில் ஜாய் 1976-இல் எழுதிய எடிட்டர். அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அச்சாகியிருக்கும். கே அழுத்தினால் மேலே போவது அங்கிருந்து வந்த வழக்கம்.

முதலில் ஐ-யை அழுத்தச் சொன்னேன், எழுத்து விழுந்தது. பிறகு 'செட்', ஓர் இடைவெளி, 'ஹைஃபன் ஓ' தட்டச் சொன்னேன். வந்த பட்டியலில் விஐக்கு நேராக 'ஆன்' என்று இருந்தது. அதே கட்டளையோடு 'ஈமாக்ஸ்' சேர்த்துத் தட்டியதும் சரியாகிவிட்டது. ஆனால் அது அந்த ஜன்னலுக்கு மட்டும்தான். சீனியர் ஒருவருடைய 'பாஷ்ஆர்சி' கோப்பை அப்படியே நகலெடுத்திருக்கிறான், அதற்குள் விஐ வரி இருந்திருக்கிறது. அதை நீக்கியபின் நிரந்தரமாகத் தீர்ந்தது. அங்கே இல்லையென்றால் 'இன்புட்ஆர்சி' கோப்பையும் பாருங்கள்.

விஐ பிடித்தவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கை பழகினால் வேகம்தான். 'இன்புட்ஆர்சி'யில் 'ஷோ மோட் இன் பிராம்ப்ட்' என்பதை 'ஆன்' செய்துவிட்டால் எந்த நிலையில் இருக்கிறோம் என்று முன்னாலேயே காட்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2019 முதல் அதில் வருவது இசட்-ஷெல். 'எடிட்டர்' என்ற மாறியில் விஐ என்று எழுதியிருந்தாலே அது தானாக விஐ முறைக்குப் போய்விடும். 'பைண்ட்கீ ஹைஃபன் ஈ' என்ற வரியை 'இசட்எஸ்ஹெச்ஆர்சி' கோப்பில் போட்டால் போதும். அப்படியும் சரியாகவில்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.