தேய்ந்த இடம்

அப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. 1955-ல் சென்னையில் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த இனம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார். "கொஞ்சம் வந்து பிடியேண்டா" என்று கூப்பிடுவார். நான் கூடத்தில் நாவல் படித்துக்கொண்டிருப்பேன். "இதோ வரேம்பா" என்பேன். போனதில்லை.

அவர் காலமான பிறகு இரண்டு மழைக்காலம் வண்டி தாழ்வாரத்திலேயே நின்றது. ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. பாலிஷும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஞ்சின் மூடி அலுமினியம். ஒரு மணி நேரம் தேய்த்தும் மஞ்சள் மங்கல் போகவில்லை. எப்போதோ ஒரு பட்டறையில் அதன்மேல் லாக்கர் பூசியிருக்கிறார்கள். நான் இத்தனை நேரம் தேய்த்தது உலோகத்தை அல்ல, அதன் போர்வையை! பெயிண்ட் ரிமூவர் தடவி அதை வழித்தெடுத்த பிறகுதான் பாலிஷ் வேலை செய்தது. மூடியில் என் முகம் தெரிந்தது.

அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. ஹெட்லைட் வளையத்துத் துருவையும் உப்புத்தாளால் ஒரு கை பார்த்தேன். துருவோடு முலாமும் போயிற்று. குரோம் என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி நிக்கல்தான். அதன்மேல் இருக்கும் குரோமியம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இராது. அதாவது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீலம் பாய்ந்த அந்தப் பளபளப்பு போனால் நிக்கலின் மஞ்சள் சாயல் தலைகாட்டும். அலுமினியத் தாளை நனைத்து மெல்லத் தேய்த்திருந்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மெத்து. துரு போகும், முலாம் பிழைக்கும். இந்த ஞானம் எனக்குப் பிறகுதான் வந்தது.

வளையம், சைலன்ஸர், கியர் லீவர் மூன்றையும் மூட்டை கட்டி முலாம் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"பழசு மேலேயே பூசக்கூடாது தம்பி. இருக்கிற முலாமை எடுத்து, இரும்பைச் சமமாத் தேய்க்கணும். அப்புறம் நிக்கல், அதுக்கு மேலே குரோம். லீவர்லே இந்தத் தேய்மானம்கூடத் தெரியாம போயிடும்."

லீவரை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளைக் குரோமியம். அதற்குள்ளே மஞ்சள் வளையமாக நிக்கல். நடுவில் வழவழவென்று வெறும் இரும்பு. பழைய புல்லட்டுக்குக் கியர் வலப்பக்கம். அப்பாவின் வலது கால் செருப்பு முப்பது வருஷம் மிதித்த இடம் அது.

"இதை மட்டும் விட்டுவிடுங்கள்."

"துரு பிடிக்குமே?"

"வாரா வாரம் எண்ணெய் தடவிக்கொள்கிறேன்."

மற்ற இரண்டும் கண்ணாடிபோல் வந்து சேர்ந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணையைப் போட்டு உட்கார்ந்தேன். லீவரைத் துடைத்தபடியே பையனைக் கூப்பிட்டேன்.

"இதோ வரேம்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.