நிழலும் காற்றும் நிறைந்த இல்லம்

இல் என்னும் சிறு சொல்லிலிருந்தே இல்லம், இல்லறம், இல்லாள் என்னும் சொற்கள் கிளைத்தன. வாழ்வையும் வாழும் இடத்தையும் தமிழர் வேறு வேறாக எண்ணவில்லை. மனை வகுக்கும் நூலறிவும் நம்மிடம் இருந்தது. நண்பகல் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசை குறித்து, நூலிட்டு, அரண்மனை வகுத்த கலைஞரைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை காட்டுகின்றது. கதிரவன் போக்கை அறிந்த பின்னரே அவர்கள் கடைகால் தோண்டினர். இன்றோ பனி பொழியும் நாட்டிற்கும் வெயில் காயும் நாட்டிற்கும் ஒரே வரைபடம் போதும் என்று எண்ணுகின்றோம்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில், விதுராவைக் கடந்ததும் வருவது கல்லாறு. உருண்டு திரண்ட கற்களுக்கிடையே ஓடும் ஆற்றின் கரையூர். அதனைச் சூழ்ந்த காடுகளில் காணிக்காரர் வாழ்கின்றனர். மூலிகை மருத்துவத்திற்காக 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மையார் இக்காட்டில் ஓலை வேய்ந்த குடிலில் வாழ்ந்தே புகழ் பெற்றவர். மூங்கில், ஈற்ற என்னும் நாணல், ஓலை ஆகியவற்றால் ஆன குடிலினுள் நண்பகலிலும் வெம்மை தேங்குவதில்லை. கூரை வெயிலைத் தடுக்கும். சுவரின் இடைவெளிகள் காற்றை விடும்.

இதன் உண்மையை எளிதில் உணரலாம். இப்பகுதியில் ஏப்ரலிலும் ஆகஸ்டு இறுதியிலும் கதிரவன் நேர் உச்சியில் நிற்கின்றான். ஆதலின் வீட்டில் மிகுதியாக வெயிலை ஏற்பது கூரையே. அதற்கடுத்து, காலை மாலைகளில் சாய்ந்த கதிரை ஏற்பவை கிழக்கு மேற்குச் சுவர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருத்தலால் வியர்வை எளிதில் உலராது. உடலைத் தழுவிக் காற்று ஓடினாலன்றிச் சுகமில்லை. இரு பருவ மழையும் சாய்ந்து அடிக்கும். எனவே சரிந்த கூரை, நீண்ட இறவாரம், எதிரெதிர்ச் சாளரம் ஆகிய மூன்றும் இம்மண்ணின் இலக்கணம். பதுமநாபபுரம் அரண்மனையின் மரச் சட்டச் சாளரங்கள் இவ்விலக்கணத்தின் இலக்கியம்.

இவ்விலக்கணத்தை நம் காலத்தில் மீட்டுத் தந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பே. 1917-இல் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர், தொழுநோயாளர் மருத்துவமனைகள் கட்ட 1945-இல் இந்தியா வந்தார். வீட்டிற்குரிய பொருள்கள் ஐந்து கல் தொலைவுக்குள்ளேயே கிடைத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்தை வாழ்நாள் முழுதும் போற்றினார். இமயமலைச் சாரலில் பல்லாண்டு பணியாற்றிப் பின்னர்த் திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-இல் இங்கேயே மறைந்தார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூர் இந்தியன் காப்பி ஹவுஸும் அவர் கைவண்ணமே.

அவர் கையாண்ட முறைகளுள் இரண்டைக் கூறுவேன். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது எலிப்பொறிக் கட்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளடைந்த காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளம் போடும்போது கம்பிகளுக்கிடையே, வலுவிற்குத் தேவையற்ற கீழ்ப்பகுதியில், பழைய மங்களூர் ஓடுகளைப் பதிப்பது மற்றொன்று. சிமெண்டு குறைகின்றது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் நேர்வது என்பதை நினைத்தால் இச்சிக்கனத்தின் பெருமை விளங்கும்.

கல்லாற்றில் எங்களுக்குச் சிறு மனை ஒன்றுண்டு. அரசு தரும் வீடு கட்டும் முன்பணத்தைத் திங்கள்தோறும் ஊதியத்தில் திருப்பிச் செலுத்த வேண்டிய எழுத்தருக்குச் சிக்கனம் கொள்கையன்று, கட்டாயம். கடைகால் மண்ணால் சுவரும் ஓட்டால் கூரையும் அமைக்கலாம் என்றேன். என் தமையனார் உடன்படவில்லை. “தம்பி, மண் சுவர் வீட்டில் பிறந்த நம்மைப் படிக்க வைத்து அப்பா வெளியே அனுப்பினார். நீ திரும்பவும் அதற்குள்ளேயே போகிறேன் என்கிறாயே” என்றார். அச்சொல்லில் ஏளனம் இல்லை, வலியே இருந்தது.

அவ்வலியை மறுப்பதற்கில்லை. ஒழுகும் கூரையின் கீழ் விழித்திருந்தவர்க்குக் கான்கிரீட்டுத் தளம் வெறும் ஆடம்பரமன்று; விடுதலை. காணிக்காரர் உறுதியான கூரை வேண்டுவதும் அதனாலேயே. ஓலைக் குடிலின் அழகைப் பாடிவிட்டு, அதில் வாழும் துன்பத்தை அவர்க்கே விடுதல் அறமாகாது. ஐந்து கல் எல்லைக்கும் ஓர் எல்லையுண்டு: அருகே கிடைக்கின்றதென்று கல்லாற்றின் கல்லையும் மணலையும் அள்ளலாகாது. ஆற்று மணல் அள்ளுவதை முறைப்படுத்தக் கேரளம் 2001-இல் சட்டமே இயற்ற நேர்ந்தது.

ஆகவே பழமையின் பொருளை அன்றி, அதன் அறிவையே நாம் பெறல் வேண்டும். தமையனாரிடம் இதனையே கூறினேன்: கடைகால் கருங்கல்லாகட்டும், சுவர் எலிப்பொறிக் கட்டாகட்டும், தளத்தில் ஓடு பதியட்டும், இறவாரம் மட்டும் அகன்று நீளட்டும். வரைபடத்தை வாங்கி நெடுநேரம் நோக்கிய அவர், “திண்ணை எங்கே?” என்று கேட்டார். மேற்கே அன்று, வடக்கே வரைந்து கொடுத்தேன்.

நம் மக்கள் வீடு கட்டப் புகுமுன் இவ்வளவேனும் எண்ணுதல் நன்று: வெயில் எங்கிருந்து வரும், காற்று எவ்வழி செல்லும், மழை எப்பக்கம் சாயும்? இம்மூன்று வினாவுக்கும் விடை தரும் வீடு, குளிர்சாதனப் பெட்டியை வேண்டாது குளிரும், கடனும் குறையும். நம் முன்னோர் குச்சி நட்டு நிழல் பார்த்தது இதற்காகவே அன்றோ!