ஏரிக்கரையில் ஐந்து நாள்

2009 ஜூலையில் பிரான்சுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஃப்ரேஜூஸில் இருந்தார். 1962-இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அண்ணன் தேர்ந்துகொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். அப்பாவும், பன்னிரண்டு வயதுப் பையனான நானும் இந்தியரானோம்.

நான் போனதற்குக் காரணம் உண்டு. அப்பா வீட்டை விற்க அண்ணன் சம்மதம் வேண்டும். பேச்சை எடுப்பதற்குள், "வாடா, கரவான்ல நாலு நாள் இருந்துட்டு வரலாம்" என்று வண்டியைக் காரின் பின்னால் மாட்டிவிட்டார்.

போன இடம் வெர்தோன் பூங்கா, சாந்த்-குருவா ஏரிக்கரை. நம் பாரதி பூங்கா மாதிரி நினைத்துவிடாதீர்கள். மலை, பள்ளத்தாக்கு, ஊர்கள், வயல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பூங்கா. 1997-இல் அமைத்தார்கள். ஏரித் தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்து கண்ணைப் பறிக்கும். ஒருநாள் வலான்சோல் மேட்டுக்குப் போய் லாவெந்தர் வயல்களைப் பார்த்தோம்.

கரவானுக்குள் கட்டில், மேசை, கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. பாத்திரம் கழுவப் பொதுத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். காட்டுத்தீ பயத்தால் வெளியே கரி அடுப்பு மூட்டக்கூடாது. அண்ணி உள்ளேயே, நான் கொண்டுபோன வடகத்தைத் தாளித்தார். பக்கத்துக் கூடாரத்து பெல்ஜியக்காரர் என்ன வாசனை என்று கேட்டு வந்தார். நான் விளக்கியதும், "பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பிரெஞ்சு பேசுகிறீர்களே" என்று சிரித்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் அண்ணன் ஏரியைக் காட்டிச் சொன்னார்: "இதுக்கு அடியில ஒரு ஊர் இருக்குடா. லே சால்னு பேரு. 1970கள்ல அணை கட்டினப்போ இடிச்சுட்டாங்க. மேட்டுல புதுசா ஊர் கட்டிக் கொடுத்தாங்க."

நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்.

"அவங்க வீடு தண்ணியில போயிடுச்சு. நம்ம வீடு அப்படியேதான் இருந்துது. நான்தான் வரல. உன் பையில பத்திர நகலைப் பார்த்தேன்டா. வித்துக்கோ. கிணத்தடியை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"அண்ணே..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் படம் எடுத்து அனுப்பினேன். அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. கரவானை விற்றபோது, அதன் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தை மட்டும் அண்ணி எடுத்து வைத்துக்கொண்டாராம்.