மாமியாரின் வலது கை

"மாமியாருக்கு வலது கை மாதிரி மருமகள்!" என்று எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் என்னைப் புகழ்கிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் வருஷம், ஆவணி மாதத்து ஒரு நாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அத்தையின் கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை, கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பித்தமாக இருக்கும்" என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சூடாகக் காபி கொடுத்தேன்! அடுத்த வீட்டு அம்மாள் வந்து, "வாயுப் பிடிப்பு" என்று கையைத் தேய்த்துவிட்டார். என் கணவர் வெளியூரில் இருந்தார். அவருக்கு ஒரு போன், நாத்தனாருக்கு ஒரு போன், இருவரிடமும் யோசனை, யோசனைக்கு மேல் யோசனை! ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது மணி பத்தரை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பாதியை ஆள்கிறது. அதனால்தான் வலக் கையும் காலும் விழுந்துவிட்டன.

"அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறதம்மா. ஆனால் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்" என்றார்.

ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. ஒரே ஒரு மணி நேரம்!

சகோதரிகளே, நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது மூச்சுக் குழாயில் போய்விடும். நாமாக மாத்திரையும் கொடுக்கக் கூடாது. வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். ஆரம்பித்த நேரத்தை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தை வீடு திரும்பினார். என் மனத்தில் அந்த ஒரு மணி நேரம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிராயச்சித்தம் போல விழுந்து விழுந்து பணிவிடை செய்தேன். தலை வாரிவிட்டேன், முகம் கழுவிவிட்டேன். இடது கையால் சாப்பிட அத்தை அடியோடு மறுத்துவிட்டார். "அந்தக் கையாலா?" என்று கண் கலங்கினார். ஆகவே நானே ஊட்டினேன்.

இன்னொரு சங்கதியையும் மறைக்காமல் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து அன்றுதான் அந்தச் சமையலறை என் கைக்கு வந்தது. டப்பாக்களையெல்லாம் எனக்கு வசதியாக இடம் மாற்றி வைத்தேன். அந்தத் துக்கத்திலும் மனத்தின் ஒரு மூலையில் சின்ன சந்தோஷம் இருந்தது, பொய் சொல்வானேன்!

பிஸியோதெரபி படித்த ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். நான் ஊட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "பாட்டி கைக்கு நீங்கள்தான் எதிரி!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"கை சாகவில்லை அம்மா. அதற்கு உத்தரவு போடும் இடத்தில்தான் பழுது. ஆபீசில் ஒரு குமாஸ்தா போய்விட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதில்லையா? மூளையும் அப்படித்தான். ஆனால் வேலையே வராவிட்டால் அவர் எதற்குக் கற்றுக்கொள்கிறார்?"

மறுநாள் தட்டில் ரசம் சாதத்தை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பாதி தட்டில், பாதி மடியில். "நீ ஊட்ட மாட்டியா?" என்று அத்தை குழறிக் குழறிக் கேட்டார். நான் உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஆனால் ஊட்டவில்லை.

அந்தப் பெண் வேறு சிலவும் சொல்லிக் கொடுத்தாள். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும். எழ முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது. விரல்கள் மடங்கி இறுகிவிடாமல் தினமும் நீட்டிவிட வேண்டும். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதற்குப் பிறகும் வரும், மெதுவாக.

விரலுக்குப் பயிற்சியாக வேர்க்கடலை உரித்தோம், துண்டு மடித்தோம். பரணிலிருந்து பல்லாங்குழி இறங்கி வந்தது. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போட முதலில் அரை நாள் ஆயிற்று.

உறவினர்கள் எண்ணெய் வைத்தியம் சொல்லாமல் இருப்பார்களா? அத்தைக்கும் ஆசை. டாக்டரிடம் சொல்லிவிட்டு, தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போனோம். தொக்கணம் என்னும் எண்ணெய்த் தேய்ப்பு அவருக்கு இதமாக இருந்தது. ஆனால் ரத்த அழுத்த மாத்திரையையும் பயிற்சியையும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அத்தை சோர்ந்துபோகும் போதெல்லாம் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்வேன். 1954-இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவே போய்விட்டது. அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. "அவ டாக்டர், படிச்சவ" என்று அத்தை முணுமுணுப்பார். ஆனாலும் அடுத்த புளியங்கொட்டையை எடுப்பார்.

எல்லோருக்கும் எல்லாம் திரும்பி வருவதில்லை. அத்தைக்கும் இழைக்கோலம் வரவில்லை. கால் இன்னும் இழுக்கிறது. ஆனால் ஒரு வருஷத்தில் வலது கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை, நான் எழுவதற்குள் சமையலறையில் சத்தம். அத்தை இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து, "காபி" என்று நீட்டினார். பாதி டவராவில் சிந்தியிருந்தது. எனக்குத் தொண்டையை அடைத்தது. ஒரு வாய் குடித்தேன்.

உப்பு!

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு, குழறலே இல்லாமல் கேட்டார்:

"சர்க்கரை டப்பா இருந்த இடத்திலே உப்பைக் கொண்டு வெச்சது யாரு?"

அன்றைக்கே எல்லா டப்பாக்களையும் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.