வெயில் படாத பாதி

கவிதையில் ஒருமை வேண்டும் என்று கேட்டுப் பழகியவன், தான் குடியிருக்கும் வீட்டிலும் அதையே கேட்க ஆரம்பித்துவிடுகிறான். நம்மில் பலருடைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். புத்தக அலமாரி இருக்கும் அறை ஒரு காலத்தைச் சேர்ந்தது. அடுத்த அறை இன்னொரு காலத்தைச் சேர்ந்தது. முன்னதில் ஆதிமூலத்தின் கோட்டோவியம். பின்னதில் ஜிகினா ஒட்டிய கிருஷ்ணன், பிளாஸ்டிக் ரோஜா, கல்யாணத்தில் வந்த கடிகாரம். நடுவில் ஒரு திரைச்சீலை. கணவன் மனைவி ஒத்துப்போவது என்று இதற்குப் பெயர். எனக்கு இது பாகப்பிரிவினையாகத்தான் படுகிறது. அதிலும், வருபவர் கண்ணில் படும் பாகம் எப்போதும் விமர்சகனுடையது.

இன்னொரு வழி இப்போது பரவியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் கிளையில் வீட்டுக்கடன் கோப்புகளோடு உள் அலங்காரத்துக்கான மதிப்பீட்டுத் தாள்களும் வருகின்றன. கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள். ஃபால்ஸ் சீலிங், அதன் விளிம்பில் மறைந்து எரியும் விளக்கு, டீவிக்குப் பின்னால் மரம்போல் தோன்றும் பலகை, ஓரத்தில் கண்மூடிய புத்தர் தலை. விண்ணப்பதாரரின் பெயரை மறைத்துவிட்டால் எந்த வீடு எவருடையது என்று சொல்ல முடியாது. இருவருக்கும் ரசனை வேறு வேறாக இருக்கப்போய், இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்றை விலைக்கு வாங்கிச் சண்டையைத் தீர்த்திருக்கிறார்கள். (வீட்டைத் துறந்து போன புத்தருக்கு இங்கே என்ன வேலை என்பது தனி விஷயம்.)

வியன்னாவின் அடால்ஃப் லோஸ், அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசியவர் என்ற அளவில் நமக்கு அறிமுகம். 1900-ல் அவர் எழுதிய ஒரு சிறு கதை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. வீட்டில் கலை இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட பணக்காரன் ஒருவன் ஒரு கட்டிடக் கலைஞரை அழைக்கிறான். அவர் சுவரிலிருந்து செருப்புவரை எல்லாவற்றையும் வரைந்து தந்துவிடுகிறார். பிறந்தநாளன்று மனைவியும் குழந்தைகளும் பரிசு கொடுக்கிறார்கள். அவற்றை எங்கே வைப்பதென்று கேட்கக் கலைஞரைக் கூப்பிட்டால், படுக்கையறைக்கென்று வரைந்த செருப்பை வேறு அறையில் போட்டுக்கொண்டு நிற்கிறாயே என்று முதலில் கோபிக்கிறார். பிறகு, பரிசு வாங்க உனக்கு என்ன உரிமை, நீதான் முழுமையடைந்துவிட்டாயே என்கிறார்.

பி.ஏ. வகுப்பில் கோல்ரிட்ஜ் வழியாக எங்களுக்குக் கற்பித்த அங்கக ஒருமை, வீட்டுக்குள் வந்தால் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். கவிதை ஒரு கை எழுதுவது. கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அதில் இடமில்லை என்பது நியாயமே. வீடு ஒரு கை எழுதுவதல்ல.

என் மனைவி கொண்டுவந்தது ஒரு முருகன் படம். அவள் அப்பா சாத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் சிவகாசியில் காலண்டர் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பார். இது 1988-ம் வருஷத்துக் காலண்டரின் படம். இன்று கடையும் இல்லை, அவரும் இல்லை. படத்தின் வம்சாவளி எனக்குத் தெரியும். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், அதன் ஓலியோகிராஃப்கள், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக் கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜு, 1976-ல் அவர் காலமான பின்னும் சிவகாசி அச்சில் தொடர்ந்த அந்தப் பாணி. மயிலுக்குப் பின்னால் மேடைத்திரையின் மலை, அருவி. முகத்தில் போட்டோ ஸ்டுடியோ வெளிச்சம். இதை ஓவியம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாராயில்லை, இன்றும்தான்.

ஆனால் பிரேம் போடும் கடையில் அவள் வாதாடியது முருகனுக்காக அல்ல. படத்தின் அடியில் சிவப்பில் இருந்த கடைப்பெயரையும் மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணையும் வெட்டிவிட்டால் படம் எடுப்பாயிருக்கும் என்றார் கடைக்காரர். “அத வெட்டிட்டா அப்புறம் அது எங்க அப்பா படம் இல்ல” என்றாள்.

நான் கொண்டுவந்தது கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலுள்ள ஒன்றின் அச்சுப் பிரதி. சோழமண்டலம் 1966-ல் உருவாவதற்கு மூன்று வருஷம் முன்பு அவர் தொடங்கிய வரிசை. கட்டங்கள், கணக்கு வரிசைகள், மலையாளம் போலிருந்தும் எந்த மொழியாகவும் ஆகாத எழுத்து. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னங்க, இது யாரு ஜாதகம்?” என்றாள். பணிக்கர் ஜாதகக் கட்டங்களிலிருந்து எடுத்துக்கொண்டவர்தான் என்பதால், படத்தைப் பற்றிய பல கட்டுரைகளைவிட இந்தக் கேள்வி படத்துக்கு நெருக்கமாக இருந்தது. யாருடையதும் இல்லை என்றேன். “யாருதும் இல்லாத ஜாதகத்த எதுக்கு நடுவீட்டுல மாட்டணும்?”

நவீன ஓவியத்தின் பக்கம் இதற்குப் பதில் உண்டு. வாசிக்க முடிகிற எழுத்து கண்ணைத் தன் பொருளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். வாசிக்க முடியாதபோதுதான் கோடு கோடாகத் தெரியும். சொன்னேன். அவள் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இரண்டும் இப்போது ஒரே சுவரில், ஒரு முழ இடைவெளியில் இருக்கின்றன. கலந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஒன்றில் யாராலும் படிக்க முடியாத எழுத்து. மற்றதில் யாரும் படித்து, இல்லாத கடைக்குப் போன் செய்யக்கூடிய எழுத்து. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பணிக்கர் கொஞ்சம் பாதுகாப்பிழந்து நிற்கிறார். அந்தச் சிவப்பு எழுத்தும் முதல்முறையாகக் கோடாகக் கண்ணில் படுகிறது. வந்திருந்த நண்பர் ஒருவர், காலண்டரை ‘கிட்ச்’ என்ற வகையில் ரசிக்கலாம் என்று சலுகை காட்டினார். அந்த நக்கல் ரசனையைவிட என் நிராகரிப்பு மேல். வேடிக்கைக்காக மாட்டிய படமல்ல அது. அதன்மேல் சுற்றும் சீரியல் பல்பு பற்றிய சச்சரவு தீரவில்லை; தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் மட்டும் என்று தற்சமயம் நிற்கிறது.

இப்போதைய பிரச்னை வெயில். சுவரின் ஒரு பாதியில் சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயில் விழுகிறது. அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலம் தங்கும். முருகன் மெல்லக் கிருஷ்ணனாகிக்கொண்டிருக்கிறார். கடைப்பெயர் இன்னும் இரண்டு கோடை தாங்காது. வெயில் படாத பாதியில் இருப்பது பணிக்கர். அதுவும் அச்சுப் பிரதிதான், இடம் மாற்றினால் அதற்கும் அதே கதி. ஆனால் அந்தப் பிரதி இன்னொன்று கிடைக்கும். 1988-ம் வருஷத்துக் காலண்டர் கிடைக்காது. அவள் இதுவரை எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மாற்றி மாட்டுவதாக இருக்கிறோம். பிரேம்கள் ஒரே அளவில்லை, புதிதாக ஆணி அடிக்கவேண்டும். இனிமேல் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.