மணலில் நின்றுபோன ஓட்டம்

செய்யாற்றில் நீரோடும் நாள்கள் சில; மணல் மட்டுமே கிடக்கும் நாள்கள் பல. அம்மணலில் விடியற்காலையில் ஓடிப் பழகிய மாணவர் ஒருவர், இருபதாண்டுகளுக்கு முன், நாம் பணியேற்ற புதிதில் நம் வகுப்பில் பயின்றார். பட்டு நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. ஒருநாள் காலந்தாழ்ந்து வந்து, வியர்வை உலராமல் வாயிலில் நின்றார். திருக்குறளின் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்த நாம், “தம்பி, ஓட்டம் சோறு போடாது. ஒன்று படி, இல்லையேல் ஓடு” என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துரைத்தோம். மறுவாரம் முதல் அவர் உரிய நேரத்திற்கு வந்தார். ஓட்டத்தை விட்டுவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அதனையும் ஆசிரியப் பணியின் வெற்றியெனவே கருதினோம்.

அக்கருத்தை அசைத்தது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களின் வாழ்க்கை. 2024-இல் அவர் மறைந்த செய்தியை ஒட்டியே அதனை விரிவாகப் படித்தோம். 1934-இல் பிறந்த அவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற தமிழர். பதினேழு வயதில், பள்ளி மாணவப் பருவத்திலேயே, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் இலங்கைக்காகக் களமிறங்கினார். 1956-இல் மெல்போர்னிலும் பங்கேற்றார். 1958-இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்போட்டிகளில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார்.

இத்தகையவர் கல்வியைக் கைவிட்டாரா? இல்லை. அமெரிக்கா சென்று வேளாண்மை பயின்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்க நாடுகளில் ஆசிரியப் பணியும் ஆற்றினார்.

ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டனும் நம் நினைவுக்கு வருகிறார். பொறியியல் வரைபடப் பணியை விடாமலே பயிற்சி செய்து, 1967-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் மாரத்தான் தொலைவை 2 மணி 10 நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதரானார் அவர். பாவும் ஊடையும் சேர்ந்தாலன்றிப் பட்டு இல்லை என்பதை ஒரு நெசவாளர் மகனிடம் நாம் மறந்து பேசியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஆரணிக் கடைவீதியில் அம்மாணவரைக் கண்டோம். நல்ல பணியில் இருக்கிறார். “ஐயா, அன்று நீங்கள் கண்டித்ததால்தான் நான் படித்தேன்” என்று நன்றி கூறினார். அருகில் நெடிய கால்களுடன் அவர் மகன் நின்றிருந்தான். “பிள்ளை ஓடுகிறானா?” என்று வினவினோம்.

“பள்ளியில் முதலாவதாக வந்தான், ஐயா. படிப்புக் கெட்டுவிடும் என்று நான்தான் நிறுத்திவிட்டேன்.”

நம் சொல் இரண்டாம் தலைமுறைக்கும் சென்றிருந்தது. கடைவீதியென்றும் பாராது, அன்று நாம் கூறியது தவறு என்று அவரிடம் சொன்னோம். எதிர்வீரசிங்கத்தின் கதையையும் சொன்னோம். தந்தை வியப்புடன் கேட்டார். மகனோ, “அவர் எவ்வளவு உயரம் தாண்டினார்?” என்று மட்டும் கேட்டான். சொன்னோம். அவன் தன் தலைக்கு மேலே கையை உயர்த்தி அளந்து பார்த்தான்.