குழி வெட்டப் படித்த சித்தப்பா

இஞ்சிவிளையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் வீடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்த ஒரே நாளில் எங்கள் வீடு கேரளத்திலும் பாட்டாவின் மரச்சீனி விளை தமிழ்நாட்டிலும் ஆகிவிட்டன. விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டா மாநிலம் தாண்டுவார். வெயில் ஏறியதும் கஞ்சி குடிக்கத் திரும்பி வருவார். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

ஊரில் காலேஜுக்குப் போன பையன்களெல்லாம் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறினார்கள். அப்பாவின் கடைசித் தம்பி மட்டும் எதிர்த் திசையில் போனார். அப்போது எங்கள் பக்கம் ரயில் கிடையாது, அது 1979-இல்தான் வந்தது. நாகர்கோவில், மதுரை என்று பஸ் மாறி மாறி, சிறுமலை அடிவாரத்தில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்துக்குப் போவார். “அம்புட்டு தூரம் எதுக்கு?” என்று யாராவது கேட்டால் பாட்டா நெஞ்சை நிமிர்த்துவார். “அது நம்ம நெய்யாற்றங்கரைக்காரன் கெட்டின எடமாக்கும்!”

பாட்டா சொன்னது ஜி. ராமச்சந்திரனை. 1904-இல் நெய்யாற்றங்கரையில் பிறந்து, சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்து, பிறகு காந்தியிடம் போய்ச் சேர்ந்தவர். டி.வி.எஸ். குடும்பத்தின் மகளான டாக்டர் சௌந்தரத்தை 1940-இல் மணந்தார். சாதி தாண்டிய மணம் அது. காந்தி இருவரையும் காத்திருக்கச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆசீர்வதித்தார். இருவரும் சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது. எங்கள் விளையும் வீடும் பிரிந்ததும் அதே வருஷம்தான் என்பதால் அந்த வருஷத்தைப் பாட்டா மறந்ததே இல்லை.

லீவுக்கு வரும் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறப்பது எங்களுக்குத் திருவிழா. பாட்டிக்குச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை, எங்களுக்கு மலைவாழைப்பழம். அடியில் ஒரு தக்ளியும் பஞ்சும் கிடக்கும். திண்ணையில் உட்கார்ந்து அவர் நூல் நூற்கும்போது, நூல் அறுவதைப் பார்த்துச் சிரிக்கவே நாங்கள் சுற்றி உட்காருவோம்.

ஒரு கோடையில் வந்தவர், கிணற்றடியில் குழி வெட்ட ஆரம்பித்தார். அடுக்களைத் தண்ணீர் தேங்கிச் சேறாகிக் கொசு பிறக்கும் இடம் அது. இடுப்பளவு வெட்டி, அடியில் பெரிய கல், அதன்மேல் உடைந்த செங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் போட்டார். அடியில் துளையிட்ட பழைய பானையைத் தும்பு அடைத்து வாயில் வைத்தார். அழுக்கைத் தும்பு பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “காலேஜுக்கு அனுப்பின பய குழி வெட்டுகான் பாரு!” பாட்டிக்கு மானம் போயிற்று. மழைக்காலத்தில் எங்கள் கிணற்றடி மட்டும் காய்ந்து கிடந்தபோது, சிரித்த வீட்டிலிருந்தே மண்வெட்டி இரவல் கேட்டு வந்தார்கள்.

இன்னொரு லீவில் என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து, முஞ்சிறைப் பக்கம் பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிப் போனார். கோயிலைவிட, அங்கே இல்லாத ஒன்றைத்தான் அவர் அதிகம் காட்டினார். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் வாங்கி, காந்தளூர்ச் சாலையின் முறைப்படி இங்கே ஒரு கல்விச்சாலை வைத்தானாம். 95 மாணாக்கர், தங்க இடம், சாப்பாடு. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். தங்களுக்குள் சண்டை போட்டால் தண்டம். எல்லாவற்றையும் செப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார்.

“நம்ம ஊருப் பிள்ளையளும் படிச்சுதா சித்தப்பா?”

“இல்ல மக்கா. 95 இடமும் வேதம் ஓதுயவங்களுக்கு. நம்ம ஆளுவ நெல்லு அளந்து குடுத்திருப்பாங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. எனக்கும் முன்கம்பி குத்தியதால் பேச்சு வரவில்லை.

1976-இல் காந்திகிராமத்துக்குப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த செய்தி இன்லண்ட் கடிதத்தில் வந்தது. ராமச்சந்திரனே முதல் துணைவேந்தர் என்றும் சித்தப்பா எழுதியிருந்தார். பாட்டா அதை ரேஷன் கடை வரை கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார்.

அதற்கடுத்த லீவில் சித்தப்பா ஒரு நோட்டோடு வந்தார். அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கேட்டு எழுதுவது பாடத்தில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தை ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார். எத்தனை மாடு, சாணம் எங்கே போகிறது, குடிதண்ணீர் யார் கோரி வருவது, எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது. ராத்திரி பாட்டியையும் பிடித்துக்கொண்டார். மரச்சீனிக் கம்பை எந்த நீளத்துக்கு வெட்டுவது, எது கசக்கும், எத்தனை தண்ணீர் கொதிக்கவைத்து வடித்தால் கசப்பு போகும் என்று மண்ணெண்ணெய் விளக்கு மங்கும் வரை கேள்வி. பாட்டிக்கு அலுத்துப்போனது.

“ஏலே, நான் அடுக்களையில செய்யதக் கேட்டு எழுதவா உனக்கு ஒரு யுனிவர்சிட்டி?”

“ஆமாம்மா. ஒனக்குத் தெரிஞ்சது எனக்க வாத்தியாருக்குத் தெரியாது.”

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்குத் திரியை ஏற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அப்போ ஒழுங்கா எழுது. பாதி மார்க்கு எனக்காக்கும்.”